ஷ்ரைன் பௌலில் பந்தைப் பார்க்காதீர்கள்

ஈஸ்ட்-வெஸ்ட் ஷ்ரைன் பௌலின் ஸ்கோர் மறுநாளே மறந்துபோகும். ஆனால் அந்த வாரம் எடுத்த குறிப்புகள் ஏப்ரல் மாத டிராஃப்ட், அதாவது தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நாள், வரைக்கும் கைகொடுக்கும். எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆட்டம் எது என்று முதலில் சொல்லிவிடுகிறோம். கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலை முடித்துவிட்டு, அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். வாய்ப்புக்குக் காத்திருக்கும் வீரர்களைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து மோதவிடுகிறார்கள். 1925-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. கல்லூரி நட்சத்திர ஆட்டங்களில் இதுதான் மூத்தது. ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு நிதி சேர்ப்பது நோக்கம். வலுவுள்ள கால்கள் ஓடுவது வலுவற்ற கால்கள் நடப்பதற்காக என்பது இதன் பழைய முழக்கம். பின்னாளில் பெரும் நட்சத்திரமான டாம் பிரேடி 2000-ல் இதில் ஆடினார். அந்த ஆண்டு டிராஃப்டில் அவர் 199-வது ஆள். அவரைப் போலவே பின்னாளில் பெயர் வாங்கிய பிராக் பர்டி 2022-ல் ஆடினார். 262-வது, அதாவது கடைசி ஆள். முதல் சுற்றிலேயே போய்விடுவார் என்று ஊருக்கே தெரிந்த பெயர்கள் இங்கே குறைவு. நான்காவது சுற்றா, ஏழாவதா, இல்லை பெயரே வராமல் போகுமா என்ற இழுபறியில் இருப்பவர்கள்தான் அதிகம். அதனால்தான் நுணுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பார்க்க வேண்டியது ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சி நாட்களை. அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் பலர் பயிற்சி முடிந்ததுமே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். வீரர் பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்சி எண் கல்லூரியில் அணிந்ததாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஹெல்மெட் மட்டும் அவரவர் கல்லூரியுடையது. தூரத்திலிருந்து ஆளை அடையாளம் பிடிக்க அதுதான் சுலபம். ஒரு நாளைக்கு நான்கைந்து பேருக்கு மேல் குறித்துக்கொள்ளாதீர்கள். எல்லாரையும் பார்க்கப் போனால் ஒருவரையும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அளவுகள் வெளியானதும் அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். உயரம் 6021 என்றிருந்தால் 6 அடி, 2 அங்குலம், எட்டில் ஒரு பங்கு; கடைசி இலக்கம் எப்போதும் எட்டில் எத்தனை என்பது. கையை விரித்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளப்பது உள்ளங்கை அளவு. பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு 9 அங்குலத்துக்குக் கீழே போனால் பேச்சு கிளம்பும். முன்வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கும் டேக்கிள் என்றால் கை நீளம் 33 அங்குலமாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கை குட்டையானால் எதிராளியின் கை முதலில் இவர் மார்பைத் தொட்டுவிடும். ஆனாலும் அளவை மட்டும் வைத்து ஆளைத் தள்ளிவிடாதீர்கள். குட்டைக் கைக்காரர் அதற்கு உட்புறமுள்ள கார்டு இடத்துக்கு நகர்ந்து நன்றாகப் பிழைப்பதுண்டு.

பெரும்பாலோர் ஏமாறுவது ஒருவருக்கொருவர் மோதும் பயிற்சியில். பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரும் அவரை மறிக்கும் கார்னர்பேக்கும் மோதும்போது குவார்ட்டர்பேக்கை விரட்ட ஆளே கிடையாது. ஓட மைதானம் முழுக்கக் கிடக்கிறது. ரிசீவர் ஜெயிப்பதில் அதிசயமில்லை. எனவே பந்து பிடிபட்டதா என்பதை விட்டுவிட்டு, கார்னர்பேக் எந்த இடத்தில் தோற்றார் என்று எழுதுங்கள்: புறப்படும் இடத்திலா, ரிசீவர் திரும்பும் இடத்திலா, பந்து வந்து சேரும் இடத்திலா? மூன்றாவது இடத்தில் தோற்றவரைத் திருத்திவிடலாம். திரும்பும் இடத்தில் கால் பின்னி, அதை மறைக்க ஜெர்சியைப் பிடித்து இழுப்பவரைத் திருத்துவது கடினம். அன்று நடுவர் தவறு என்று காட்டக் கொடி வீசாமல் விட்டிருக்கலாம், என்.எஃப்.எல்.லில் வீசுவார்கள்.

முன்வரிசை லைன்மேன்கள் மோதும் பயிற்சியில் சாய்வு மறுபக்கம். தடுப்பவருக்கு இருபுறமும் துணையில்லை. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருபவருக்கோ இது பந்தை வீசும் பாஸ்தான் என்று முன்கூட்டியே தெரியும். இங்கே கடிகாரத்தை நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். பந்து நகர்ந்ததும் மனதுக்குள் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று எண்ணுங்கள். மூன்றைச் சொல்லி முடிக்கும் வரை தாக்குப்பிடித்தவர் அதற்குப் பிறகு விழுந்தாலும் ஜெயித்தவர்தான், ஏனென்றால் உண்மையான ஆட்டத்தில் பந்து அதற்குள் கையைவிட்டுப் போயிருக்கும். சுற்றி நிற்கும் கூட்டம் விழுந்தவரைப் பார்த்துத்தான் கூச்சலிடும், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்து, அதே இருவர் மீண்டும் மோதும்போது கவனியுங்கள். முதல்முறை வெளிப்பக்கமாகத் தாண்டப்பட்டவர் இம்முறை அங்கேயே பாய்ந்து உள்பக்கத்தைத் திறந்துவிடுகிறாரா, அல்லது நிதானமாகத் தன் கால்களைச் சரிசெய்கிறாரா? ஒரு தோல்விக்குப் பின் வரும் அந்த ஒரு மோதல், பத்து வெற்றிகளைவிட அதிகம் சொல்லும்.

குவார்ட்டர்பேக்குகளுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். முந்தாநாள்தான் அறிமுகமான ரிசீவருக்கு வீசுகிறார்கள். முதல் நாள் பந்து தரையில் விழத்தான் செய்யும். எத்தனை பிடிபட்டன என்ற கணக்கு அன்று வீண். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையைவிட்டுப் போகிறதா, திரும்பியதைப் பார்த்த பிறகுதான் போகிறதா என்று பாருங்கள். பின்னவருக்குக் கைவலிமை எவ்வளவு இருந்தாலும் பந்து பறிபோகும். கல்லூரியில் ஷாட்கன்னிலேயே, அதாவது சில கஜம் பின்னால் நின்றே, ஆடிப் பழகியவர் பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டருக்குப் பின்னால் நேரடியாக நின்று பந்தை வாங்கும்போது முதல் காலடி தடுமாறுகிறதா என்பதையும் குறியுங்கள். முதல் நாள் தடுமாறி மூன்றாம் நாள் சீரானால் அதை வட்டமிட்டு வையுங்கள்.

ஆட்டத்தை என்.எஃப்.எல். நெட்வொர்க்கில் பார்க்கலாம். இத்தகைய நட்சத்திர ஆட்டங்களில் பிளிட்ஸுக்கு, அதாவது கூடுதல் ஆட்களை அனுப்பிக் குவார்ட்டர்பேக்கை விரட்டுவதற்கு, பொதுவாகத் தடை உண்டு. அதனால் குவார்ட்டர்பேக் நிதானமாகத் தெரிவார், தடுப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் மந்தமாகத் தெரிவார். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அதைவிட, எல்லாரும் எழுந்து தேநீருக்குப் போகும் கிக்ஆஃப், பன்ட் என்று பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் நேரத்தில் உட்கார்ந்திருங்கள். 53 பேர் கொண்ட என்.எஃப்.எல். அணியில் கடைசி இடங்களுக்கு வரும் இளைஞருக்குச் சோறு போடுவது அந்த வேலைதான். பன்ட் நேரத்தில் மைதானத்தின் ஓரமாக முன்னோக்கி ஓடி, தடுப்பவரைக் கழற்றிவிட்டு, பந்து பிடிப்பவருக்கு இரண்டு கஜம் முன்னால் நிதானித்து நிற்பவர் யார்? அவருடைய எண்ணைப் பட்டியலில் தேடுங்கள்.