மூடுபனி வந்தால் குறையும் மியூவான்

ஏற்காட்டில் மொட்டைமாடியில் வைத்த சிண்டிலேட்டர் பெட்டி (துகள் பட்டால் மினுங்கும் பொருளும் அந்த மினுக்கை உணரும் ஒளியுணரியும் கொண்டது) பகலில் மியூவான்களை, அதாவது விண்கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நுண்துகள்களை, இருமடங்காக எண்ணியது. மூடுபனி இறங்கினால் சட்டென்று குறைந்தது. காற்றழுத்தம்தான் காரணம் என்றார் நண்பர். அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் கூடினால் மியூவான் குறைவது 1 சதவீதம்கூட இல்லை. பாதியாக வழியே கிடையாது. ஒளியுணரியின் ஹை வோல்டேஜைக் குறைத்தேன், கேபிள் மாற்றினேன், எர்த் பார்த்தேன். வீண்.

இரவில் எண் ஒழுங்காக இருந்ததுதான் துப்பு. விளக்கணைத்து, காகிதம் சுற்றி மங்கலாக்கிய டார்ச்சைப் பெட்டியின் ஓரமாக நகர்த்தினேன். கேபிள் நுழையும் மூலையில் எண் எகிறியது. கருப்பு டேப் கச்சிதம். கேபிளைச் சுற்றிய ரப்பர் வளையம்தான் வெளிர் சாம்பல், ஒளியை விட்டது. (வாங்கும்போது யார் நிறம் பார்க்கிறார்கள்?) கருப்பு சிலிக்கோன் பூசி அலுமினியத் தாள் சுற்றினேன். அப்பாடா, இப்போது பகலிலும் இரவிலும் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1. இனி காற்றுப்பொழிவை (ஒரே விண்கதிர் காற்றில் கிளப்பும் துகள் மழையை) பிடிக்க, இன்னும் சில பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்து ஒரே நொடித்துளியில் வரும் துடிப்புகளை மட்டும் எண்ணலாம்.