பிரேக் ஒயரும் அவுட்டரும்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் சைக்கிளில் போய்வருபவர்கள், பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் பெரும்பாலும் கட்டையைத்தான் மாற்றுகிறார்கள். கட்டை தேயாமல் இருந்தும் பிடி மந்தமாக இருந்தால், ஒயரைக் கழற்றி, அது ஓடும் வெளிக்குழாயான அவுட்டருக்குள் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். சிக்கிச் சிக்கி நகர்ந்தால், செம்மண் புழுதியோ துருவோ உள்ளே சேர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது ஒயரை மட்டும் மாற்றுவது பாதி வேலைதான், அவுட்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். (தாத்தா காலத்துக் கம்பி பிரேக் சைக்கிளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, அதில் ஒயரே இல்லை.)

பிரேக் ஒயரின் தடிமன் 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர். கியர் ஒயர் 1.1 அல்லது 1.2 தான், அதைப் பிரேக்கிற்குப் போடக்கூடாது. ஒயர் முனையிலுள்ள குண்டையும் கவனிக்க வேண்டும்: நேர் ஹேண்டில்பார் லிவருக்குச் சிறு உருளை வடிவமும், ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார் லிவருக்குப் பேரிக்காய் வடிவமும் பொருந்தும். பழைய ஒயரைக் கடைக்குக் கையோடு கொண்டுபோனால் குழப்பம் வராது.

அவுட்டரில்தான் உயிருக்கே ஆபத்தான தவறு நேர்கிறது. பிரேக் அவுட்டருக்குள் எஃகுக் கம்பி ஸ்பிரிங் போலச் சுற்றப்பட்டிருக்கும். அதன் வெளிவிட்டம் பொதுவாக 5 மில்லிமீட்டர். கியர் அவுட்டரில் மெல்லிய கம்பிகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் 4 மில்லிமீட்டர். லிவரை அழுத்தும்போது ஒயர் எவ்வளவு இழுபடுகிறதோ அவ்வளவு விசையில் அவுட்டர் நெருக்கப்படுகிறது. சுற்றுக் கம்பி ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்து அந்த நெருக்கலைத் தாங்கிவிடும், ஆனால் நீளவாக்குக் கம்பிகளைப் பிடித்து நிறுத்துவது பிளாஸ்டிக் உறை மட்டுமே என்பதால், அவசரமாக அழுத்தும் நேரத்தில் அவை உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே பிதுங்கிவிடலாம். ஆகவே வாங்குமுன் வெட்டுமுகத்தைப் பார்த்தே வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனையும் சைக்கிளுக்கு, சற்று விலை கூடினாலும் துருப்பிடிக்காத எஃகு ஒயரையும், உட்புறம் வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாய் பதித்த அவுட்டரையும் வாங்குவதே என் பரிந்துரை. அந்தக் குழாய்க்குள் கெட்டியான எண்ணெய் ஊற்ற வேண்டாம். புழுதி அதில்தான் ஒட்டும்.

ஹேண்டில்பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பினாலும் இழுபடாத நீளத்தில், கூர்மையான மடிப்பின்றி அவுட்டரை வெட்ட வேண்டும். உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து வெட்டும் கடைகளில் அவுட்டரின் வாய் நசுங்கிவிடுகிறது. கூரான கட்டரால் வெட்டி, முனையை அரத்தால் சமமாக்கி, உள்குழாயின் வாயை ஊசியால் திறந்துவிட்டு, அதன் பிறகே முனைத் தொப்பியைப் பொருத்தச் சொல்லுங்கள். பூட்டியபின் லிவரைப் பத்துமுறை பலமாக அழுத்தினால் அவுட்டர் தன் இடத்தில் அமரும், ஒயரும் சற்றுத் தளரும். அந்தத் தளர்வை இழுத்துக் கட்டிய பிறகு வண்டியை எடுங்கள்.