பைத்தானில் தேதி, நேரக் கணக்கின் ஆபரேட்டர் ஓவர்லோடிங்கைச் சோதிப்பது எப்படி?

கூட்டல், கழித்தல், ஒப்பீடு ஆகிய குறிகள் எண்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு கிளாஸின் ஆப்ஜெக்ட்டுகளுக்கும் அவை எப்படி இயங்க வேண்டும் என்று வரையறுக்கலாம். இதுவே ஆபரேட்டர் ஓவர்லோடிங். பைத்தானுடன் வரும், தேதியையும் நேரத்தையும் கையாளும் டேட்டைம் மாட்யூலைச் சோதித்துப் பழகினால், பின்னர் நீங்களே எழுதும் கிளாஸையும் அதே முறையில் சோதிக்கலாம்.

முதலில், எந்தக் கணக்குக்கு எந்த வகை விடை வர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் கிடைப்பது தேதி அன்று, டைம்டெல்டா என்னும் கால இடைவெளி; தேதியுடன் இடைவெளியைக் கூட்டினால் தேதி கிடைக்கும். ஆகவே விடையின் மதிப்போடு அதன் வகையையும் சோதியுங்கள்.

அடுத்து எல்லைகளுக்கு வாருங்கள். 2024 பிப்ரவரி 28உடன் ஒரு நாளைக் கூட்டினால் 29 வர வேண்டும்; 2023இல் மார்ச் 1 வர வேண்டும். 1900 லீப் ஆண்டு அன்று, 2000 லீப் ஆண்டு. நான்கால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்க்கும் நிரலை 1900 உடனே காட்டிக்கொடுத்துவிடும். நேரமில்லாத தேதியுடன் 23 மணி நேரத்தைக் கூட்டினால் தேதி மாறாது என்பதையும் ஒரு சோதனையாக எழுதுங்கள்.

மூன்றாவதாக, மறுக்கப்பட வேண்டியவற்றைச் சோதியுங்கள். தொடக்க நிலையில் பலரும் விட்டுவிடும் இந்தப் பகுதியையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். இரு தேதிகளைக் கூட்டினால் டைப்எரர் (வகை பொருந்தாதபோது வரும் பிழை) எழ வேண்டும். இடைவெளியை முன்னால் வைத்துத் தேதியைக் கூட்டலாம். ஆனால் இடைவெளியிலிருந்து தேதியைக் கழிக்க முடியாது. 9999 டிசம்பர் 31உடன் ஒரு நாளைக் கூட்டினால் ஓவர்ஃப்ளோஎரர் (எல்லையைத் தாண்டும்போது வரும் பிழை) வரும். இவற்றுக்குப் பைத்தானின் சோதனை மாட்யூலான யூனிட்டெஸ்டில் உள்ள, எதிர்பார்த்த பிழை எழுகிறதா என்று பார்க்கும் அசெர்ட்ரெய்சஸ் போதும்.

நேர மண்டலத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. மண்டலம் குறிக்கப்பட்ட நேரத்தையும் குறிக்கப்படாத நேரத்தையும் சிறிது, பெரிது என்று ஒப்பிட்டால் டைப்எரர் எழும். சமமா என்று கேட்டாலோ பிழை எதுவும் எழாமல் ‘இல்லை’ என்ற விடையே வரும். கழித்தலும் இப்படி ஏமாற்றக்கூடியது. நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அன்று அதிகாலை 2 மணிக்குக் கடிகாரம் 3 மணிக்குத் தாவியதால், 1 மணி முதல் 4 மணி வரை உண்மையில் கழிந்தது 2 மணி நேரமே. ஆனால் இரண்டு நேரங்களும் ஒரே மண்டல ஆப்ஜெக்ட்டைக் கொண்டிருந்தால், பைத்தான் கடிகார முகத்தை மட்டும் பார்த்து 3 மணி நேரம் என்று விடை தரும். இரண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிய பிறகு கழித்தால் 2 கிடைக்கும். இந்த இரு விடைகளையும் தனித்தனிச் சோதனைகளாக எழுதி, உங்கள் நிரலுக்குத் தேவையானது எது என்பதைச் சோதனையின் பெயரிலேயே குறிப்பிடுங்கள்.