கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை

கழுத்தின் பின்பக்கம் கருத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்திருக்கும். அழுக்கு என்று நினைத்துக் கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்போம். என் அக்கா மகளின் கழுத்தை நாங்கள் அப்படித் தேய்த்துப் புண்ணாக்கியிருக்கிறோம். நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை. பல நேரங்களில் அது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் செல்களுக்குள் அனுப்பும் ஹார்மோன்தான் இன்சுலின். செல்கள் அதன் பேச்சைச் சரியாகக் கேட்காதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தக் கூடுதல்தான் தோலைத் தடிக்க வைக்கிறது.

கணையம் இப்படி மல்லுக்கட்டிச் சமாளிக்கும்வரை வெறும் வயிற்றுச் சர்க்கரை 95 என்றே காட்டலாம். அதைப் பார்த்து ‘நார்மல்’ என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடாதீர்கள். டேப்பை எடுத்து வயிற்றுச் சுற்றளவைப் பாருங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் கவனம் தேவை. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால், சர்க்கரை நோய்க்கு முந்தைய ‘பார்டர்’. ‘பார்டர்தானே’ என்று விடுகிறோமே, திரும்பி வர நல்ல வாய்ப்புள்ள கட்டமே அதுதான்.

அப்புறம் சாப்பாடு. அளவைத் தொடாமல் பொருளை மட்டும் மாற்றுகிறோம். ராத்திரி சோற்றுக்குப் பதில் நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை. காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி. கேழ்வரகு நல்லதுதான், ஆனால் நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிக் குடித்தால் மளமளவென்று ரத்தத்தில் சர்க்கரையாக ஏறிவிடும். தட்டில் பாதிக்குப் பொரியலும் கூட்டும், கால் பங்கு சுண்டலோ மீனோ முட்டையோ, மிச்சத்தில் சோறு. காயை முதலில் சாப்பிட்டால் ஏற்றம் இன்னும் மட்டுப்படும்.

காலையில் நடந்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும் தவறுதான். வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டதும் 15 நிமிடம் நடங்கள். தசையை வளர்க்க, வாரம் இரண்டு நாளாவது நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, எடை தூக்குவது என்று செய்யுங்கள்.

எடை குறையவில்லை என்று பாதியில் விடுபவர்கள் அநேகம். விடாதீர்கள். பார்டரில் இருந்தவர்களை வைத்து இந்தியாவில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு எடை பெரிதாக மாறவில்லை. ஆனாலும் சர்க்கரை நோய் வரும் ஆபத்து சுமார் 28 சதவீதம் குறைந்தது.

ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ போடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம். சோற்றைச் சட்டென்று குறைத்தால் சிலருக்குச் சர்க்கரை ரொம்பவும் இறங்கிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.