பையனுக்கு சொப்பு, பொண்ணுக்கு ரிமோட் கார்: பொம்மை வாங்கும்போது கவனிக்க வேண்டியது

பொம்மைக் கடைக்குள்ள நுழைஞ்சதும் கடைக்காரர் கேக்குற முதல் கேள்வியே "பையனா பொண்ணா?" தான். பதில் சொன்னீங்கன்னா பாதி கடைய நீங்க பாக்கவே மாட்டீங்க, பையன்னா காரு, துப்பாக்கி, ஜேசிபி, பொண்ணுன்னா பார்பி, மேக்கப் செட், கிச்சன் செட். அதனால வயசையும் பிடிச்சதையும் மட்டும் சொல்லுங்க: "நாலு வயசுங்க, கையில எது கிடைச்சாலும் கழட்டிப் பாக்கும், அதுக்கேத்த மாதிரி காட்டுங்க." அவர் எடுத்துப் போடுற பொம்மையே மாறிடும். டப்பா பிங்க்கா புளூவான்னு பாக்காம திருப்பி வயசு என்ன போட்டிருக்கு, ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க, 2021 ஜனவரியில இருந்து நம்ம நாட்டுல 14 வயசுக்குள்ள பிள்ளைங்க பொம்மைக்கு அது கட்டாயம். மூணு வயசுக்குக் கீழன்னா முழுங்குற சைஸ்ல குட்டி பார்ட்ஸ் இருக்கவே கூடாது.

இப்ப பசங்க விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம்னு படுது. பொண்ணு ரிமோட் கார் ஓட்டுனா "தைரியசாலி"ன்னு பெருமையா சொல்ற அதே வீட்டுல பையன் சொப்பு சாமான எடுத்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. லெகோ கம்பெனி 2021ல ஏழு நாட்டுல பெத்தவங்க, பிள்ளைங்கன்னு கிட்டத்தட்ட 7000 பேர்கிட்ட ஒரு சர்வே எடுத்து வெளியிட்டாங்க, அதுல பொண்ணுங்களோட பொம்மைய வச்சு விளையாடுனா கிண்டல் பண்ணுவாங்கன்னு பயந்த பசங்க 71 சதவீதம், அதே மாதிரி பசங்களோட பொம்மைய எடுக்கப் பயந்த பொண்ணுங்க 42 சதவீதம். இந்தியா அந்த ஏழுல இல்ல, ஆனா நம்ம வீட்டு ஹால்லயும் இதேதான் நடக்குது. அதனால மாத்தணும்னா பையன்கிட்ட இருந்து ஆரம்பிங்க.

ஒரு சொப்பு செட் வாங்கி சும்மா நடு ஹால்ல வைங்க, "இதுவும் உனக்குத்தான்"னு விளக்கம் எல்லாம் வேணாம். எங்க அண்ணன் பையன் என்ன பண்ணான்னா ரெண்டு குட்டி டம்ளர எடுத்து ஒண்ண தலைக்கு மேல தூக்கி இன்னொன்ன இடுப்புக்குக் கீழ பிடிச்சு வெறும் காத்த ஆத்திட்டு "சக்கரை கம்மியா?"ன்னு கேட்டான், தெருமுனை டீக்கடைல தினமும் பாக்குறதுதானே.

பாட்டியோ பெரியப்பாவோ "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது"ன்னு கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க. சண்டை போடாதீங்க, ஆனா சும்மாவும் விட்டுடாதீங்க, பிள்ளை காதுல விழுற மாதிரி பதில் சொல்லுங்க: "டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், கல்யாண சமையல் எல்லாமே ஆம்பளைங்க தானே அத்தை, இவனும் கத்துக்கட்டும்." அப்புறமா தனியா போய் பேசுனா பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது, அவன் கேட்டது கிண்டல மட்டும்தான். வீட்டுல அப்பாவே கீழ உக்காந்து "எனக்கு ஒரு தோசை போடுடா"ன்னு கேட்டா இன்னும் நல்லது, அதுக்கப்புறம் யாரும் வாய தொறக்க மாட்டாங்க. தம்பி தங்கச்சி பொறக்கப் போகுதுன்னா பையனுக்கு ஒரு பாப்பா பொம்மை வாங்கிக் குடுங்க, குளிப்பாட்டவும் தூக்கும்போது தலைய தாங்கிப் பிடிக்கவும் அதுல பழகிக்குவான்.

பொண்ணுக்கு பிங்க் பிடிச்சா பிடிச்சிட்டுப் போகட்டும், பார்பிய பிடுங்காதீங்க. கூட பில்டிங் பிளாக்ஸ், ஸ்க்ரூ மாட்டுற செட், பம்பரம் எல்லாம் இருக்கட்டும், சாட்டைய சுத்தி விடுறதுக்கு கூட உக்காந்து கத்துக்குடுங்க. முக்கியமா அண்ணனோட பழைய கார குடுத்து "உடைச்சிடாத, அவனுது"ன்னு சொல்லாதீங்க, அவ பேர்லயே புதுசா ஒண்ணு வாங்குங்க. 1992ல வந்த ஒரு பேசுற பார்பி "கணக்கு கிளாஸ் கஷ்டம்"னு சொல்லுச்சு, அமெரிக்காவுல எதிர்ப்பு கிளம்பி கம்பெனி அந்த வாக்கியத்தையே எடுத்துட்டாங்க. பொம்மை சொன்னத எடுத்துட்டாங்க, ஆனா "உனக்கு இதெல்லாம் வராதுடி"ன்னு வீட்டுல நாமளே சொல்றோமே, அத நாமதான் நிறுத்தணும்.

ஸ்கூலுக்கு பொம்மை எடுத்துட்டுப் போகச் சொல்லி பையன கட்டாயப்படுத்த வேணாம், அங்க கிண்டல தாங்கப் போறது அவன்தான், நீங்க இல்ல. யாராவது கேட்டா "எங்க அப்பாவும் சமைப்பாரு"ன்னு சொல்லப் பழக்குங்க, அதுக்கு அப்பா நிஜமா சமைக்கணும், பிள்ளைங்க பொய்ய சட்டுனு கண்டுபிடிச்சிடும்.

அடுத்து பர்த்டே பார்ட்டி ரிட்டர்ன் கிஃப்ட். பிங்க் கவர் ஒரு பக்கம் புளூ கவர் ஒரு பக்கம்னு அடுக்காம எல்லாத்துக்கும் ஒரே கவர் போடுங்க, களிமண், க்ரேயான், பட்டம், குட்டி சொப்புன்னு கலந்து ஒரு கூடைல வச்சு பிள்ளைங்களையே எடுத்துக்கச் சொல்லுங்க. பக்கத்துல நிக்கிற அம்மா யாராவது "டேய் அது கேர்ள்ஸுதுடா"ன்னு சொன்னா உடனே "இல்லங்க, எல்லாம் எல்லாருக்கும்தான், அவனுக்குப் பிடிச்சத எடுக்கட்டும்"னு சிரிச்சுட்டே சொல்லிடுங்க.