நடக்காததைக் குறித்துவைப்பது எப்படி?

என் மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு கிடக்கிறது. வருகைப் பதிவேடு அல்ல, மார்க் நோட்டும் அல்ல. பிள்ளைகளுக்கு நடந்திருக்க வேண்டியது நடக்காமல் போனால் அதை எழுதிவைக்கும் நோட்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு 19 வருஷமாக இருக்கிறேன். இந்த நோட்டு வந்து 11 வருஷம்தான் ஆகிறது. அதற்கு முந்தைய 8 வருஷத்தில் எத்தனை பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டேனோ, என்னிடம் கணக்கில்லை.

நோட்டு தொடங்கக் காரணம் ஒரு முழங்கால். ஏழு வயதுப் பெண், விளையாட்டு நேரத்தில் விழுந்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிகிறது. நான் பத்தடி தள்ளி நிற்கிறேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வேறு யாரையும் பார்க்கவில்லை. எழுந்தாள், நேராகக் குழாயடிக்குப் போனாள், காலைக் கழுவினாள், சீருடை நுனியால் ஒற்றிக்கொண்டு வந்து வரிசையில் நின்றுவிட்டாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "பாருங்கள், எவ்வளவு தைரியம்!" என்று நான் வகுப்பு முன்னால் அவளைப் பாராட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ரத்தத்தைப் பார்த்த ஏழு வயதுப் பிள்ளை முதலில் ஒரு பெரியவரின் முகத்தைத்தான் தேடும். இவள் தேடவில்லை என்றால், தேடி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எங்கோ கற்றுக்கொண்டுவிட்டாள்.

புறக்கணிப்பு என்றால் என்ன என்பதற்குச் சட்டம் ஒரு விளக்கம் வைத்திருக்கும், மருத்துவர்கள் ஒன்று வைத்திருப்பார்கள். எனக்கு ஒரு கேள்வி போதுமானதாக இருக்கிறது: இந்தப் பிள்ளைக்குத் தேவையான எது திரும்பத் திரும்பக் கிடைக்காமல் போகிறது? சாப்பாடு, சுத்தம், தூக்கம், மருந்து, படிப்பு, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள், பேசினால் பதிலுக்கு ஒரு பேச்சு. இதில் எதுவாகவும் இருக்கலாம். "யார் மேல் தப்பு?" என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதை முதலில் எடுத்தால் நம் வாயை நாமே அடைத்துக்கொள்வோம். அந்த அம்மா நல்லவர், ஓய்வே இல்லாமல் உழைக்கிறார் என்று மனசு சமாதானம் சொல்லும், நோட்டு மூடிவிடும். அம்மா நல்லவராகவே இருக்கட்டும். பிள்ளையின் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டியிருப்பதும் உண்மைதானே.

இது ஏன் இவ்வளவு காலமாக யார் கண்ணிலும் படவில்லை என்று தெரிந்துகொண்டால், நம் கண்ணுக்கு ஏன் தப்புகிறது என்பதும் புரியும். 1962-இல் ஹென்றி கெம்ப் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோர் மறைத்ததை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. பழைய முறிவு, ஆறிய முறிவு, புது முறிவு என்று எலும்பிலேயே கதை இருந்தது. 1967-க்குள் அந்த நாட்டின் எல்லா மாநிலங்களிலும், சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் புகார் செய்வதற்கான சட்டம் வந்துவிட்டது. அம்மா கூந்தலைக் கோதாத நாட்களுக்கு எந்த எக்ஸ்ரே எடுப்பது? 1984-இல் இசபெல் வோலாக், பெர்னார்ட் ஹோரோவிட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத்தான் எழுதினார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே 'புறக்கணிப்பைப் புறக்கணித்தல்' என்று வைத்தார்கள். இத்தனைக்கும் அமெரிக்காவில் கொடுமைக்கு ஆளானதாக ஆண்டுதோறும் உறுதிசெய்யப்படும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு புறக்கணிப்பு வகைதான்.

இன்னொன்று. சிறுவயதுத் துன்பங்கள் பெரியவர்களானபின் உடம்பை எப்படிப் பாதிக்கின்றன என்று 1998-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு, ஃபெலிட்டி, ஆண்டா என்ற அமெரிக்க மருத்துவர்களின் குழு செய்தது. அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, வீட்டில் ஒருவர் சிறைக்குப் போனது எல்லாம் கேட்டார்கள். புறக்கணிப்புக் கேள்விகள் இரண்டாவது சுற்றில்தான் சேர்ந்தன. அக்கறையோடு தேடியவர்களுக்கே அது முதலில் ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த முழங்கால் பெண்ணுக்காக நான் முதல்முதலில் குழந்தை நல அலுவலகம் ஒன்றுக்கு ஃபோன் செய்தபோது நடந்தது இது.

"அடித்தார்களா, டீச்சர்?"

"இல்லை."

"காயம் ஏதாவது?"

"இல்லை."

"சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது?"

என்ன சொல்வேன்? எந்தத் தேதியிலும் நடக்கவில்லை, அதுதான் விஷயமே. ஆனால் படிவத்தில் அப்படி எழுத இடம் கிடையாது. அந்தப் பக்கம் இருந்தவர் கெட்டவர் இல்லை, அவர் முன்னால் கட்டம் இருக்கிறது, கட்டத்தை நிரப்ப வேண்டும். நான் திக்கித் திணறிவிட்டு வைத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் வாங்கியதுதான் இந்த நோட்டு.

சரி, எப்படி எழுதுவது என்பதற்கு வருகிறேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, இவ்வளவுதான். 'கவனிப்பே இல்லாத வீடு' என்று எழுதாதீர்கள், அது உங்கள் தீர்ப்பு. என் நோட்டிலிருந்து ஒரு பையனின் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுகிறேன், அடையாளம் தெரியாதபடி:

3ஆம் தேதி: கண் பரிசோதனைக் கடிதம் கொடுத்தனுப்பினேன்.
10: கடிதம் பையில் அப்படியே இருக்கிறது.
17: அதே இடத்தில். மடிப்பு பிரிக்கவில்லை.
18: கரும்பலகையை ஒட்டி நின்று எழுதினான். மூன்றாவது முறை.
21: கூட்டிப்போக ஆள் வர 50 நிமிஷம் ஆயிற்று. வந்தது பத்து வயது அக்கா.
25: அப்பா வந்தார். பையன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான்.

கடைசி வரியைக் கவனியுங்கள். நல்லதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நோட்டு குற்றப்பத்திரிகை ஆகிவிடும், உண்மையும் பாதிதான் இருக்கும். அந்த ஒரு வரியால்தான் யாரிடம் முதலில் பேசுவது என்று எனக்கே பிடிபட்டது.

ஒரு நாள் பதிவு ஒன்றும் சொல்லாது. எந்த வீட்டிலும் கடிதம் மறந்துபோகும், என் வீட்டிலும் போயிருக்கிறது. ஆறு வாரம் கழித்துப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கும்போதுதான் வயிற்றைப் பிசையும்.

எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: பல், நகம், கண்ணாடி, அளவு சிறுத்துப்போன செருப்பு, மருந்து தீர்ந்துபோன இன்ஹேலர். வகுப்பில் தூங்கிவிழுவது. சாப்பாட்டை அவசரமாக விழுங்குவது, மிச்சத்தைப் பையில் ஒளிப்பது. வீட்டிலிருக்கும் கைக்குழந்தைக்கு எத்தனை மணிக்குப் பால் என்று எட்டு வயதுப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்வது. முன்பின் தெரியாத விருந்தினர் மடியில் போய் ஏறிக்கொள்வது. இதெல்லாம் ஓரளவு சுலபமாகவே தெரியும். தெரியாமல் போவது எதையும் கேட்காத பிள்ளை. சத்தம் போடுகிறவனுக்கு நாம் நாள் முழுக்கக் கவனம் கொடுக்கிறோம். சமர்த்து என்று நாம் பெயர் வைத்த பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வாரம் ஒருமுறை வகுப்புப் பட்டியலை எடுத்து, இந்த வாரம் யார் பெயரை ஒரு தடவைகூட நான் கூப்பிடவில்லை என்று பாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

அந்த மௌனம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ருமேனியா ஓர் உதாரணம். அங்கே அனாதை இல்லங்களுக்குள் போனவர்கள் தொட்டில் வரிசைகளில் இருந்த அமைதியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். அழுதால் யாரும் வருவதில்லை, அதனால் குழந்தைகள் அழவில்லை. 2000 வாக்கில் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் இப்படி 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இல்லத்திலேயே இருந்தவர்களின் மூளை மின்செயல்பாடு மங்கலாக இருந்தது, அறிவுத்திறன் மதிப்பெண்ணும் குறைவு. குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் நிறையத் தேறினார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு வயதுக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

ஏழ்மையையும் புறக்கணிப்பையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இரண்டு பக்கமும் ஆபத்து. இல்லாத வீட்டைக் குற்றம் சொல்லிவிடுவோம். இருக்கிற வீட்டைச் சந்தேகிக்கவே மாட்டோம். விலையுயர்ந்த பை, பையில் டேப்லெட், சாயங்காலம் முழுக்க யாரும் பேசாத வீடு, இதையும் நான் எழுதியிருக்கிறேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த வழி, உதவியை முதலில் கொடுத்துப் பார்ப்பது. காசில்லாததுதான் காரணம் என்றால், கண்ணாடிக்கு வழி செய்துகொடுத்த மறுநாளே கண்ணாடி பிள்ளை முகத்தில் இருக்கும். வழி செய்தும், நேரம் வாங்கிக் கொடுத்தும், கூட வருகிறேன் என்று சொல்லியும் மூன்று தடவை நடக்கவில்லை என்றால் அங்கே வேறு ஏதோ இருக்கிறது. அதுவும் வன்மமாக இருக்கவேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் மனச்சோர்வு, போதை, அடிக்கும் கணவன், அல்லது தானே அப்படி வளர்ந்ததால் இதுதான் வழக்கம் என்ற நினைப்பு.

வார்த்தை விஷயத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்துகொண்டேன். பிரிட்டனில் மருத்துவமனைகளிலும் இதே மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். குழந்தைக்குக் கொடுத்த நேரத்தில் ஆள் இல்லையென்றால் 'வரவில்லை' என்று எழுதாமல், 'கூட்டிவரப்படவில்லை' என்று எழுதுகிறார்கள். நாலு வயதுக் குழந்தை பல் டாக்டரிடம் தானாக எப்படி வரும்? நானும் 'வீட்டுப்பாடம் செய்யவில்லை' என்று எழுதுமுன் ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்கிறேன். உட்கார இடமும் வெளிச்சமும் இருந்ததா?

பிள்ளையிடம் விசாரணை வைக்காதீர்கள். "வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் என்றுதான் சொல்லும். தன் வீட்டைக் காட்டிக்கொடுக்காது. நான் கேட்பது, "நேற்று ஸ்கூல் விட்டதிலிருந்து தூங்கும்வரை என்னென்ன பண்ணினாய், சொல்லு" என்பது. படம் வரைந்துகொண்டே சொல்லட்டும். அந்தக் கதையில் பெரியவர் எங்கெல்லாம் வருகிறார் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்து, மீறி, அந்தப் பிள்ளையின் நம்பிக்கையைத் தொலைத்தவள் நான்.

பெற்றோரிடம் பேசும்போது நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஒரே ஒரு விஷயம், அதுவும் செய்யக்கூடிய விஷயம். கண்ணாடிப் பையனின் அப்பாவை வாசலில் நிறுத்தி, "அவனுக்குப் போர்டு தெரியவில்லை, வியாழக்கிழமை நாலு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், முடியுமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "அவன் அம்மா ரெண்டு மாசமா எழுந்திருக்கிறதே இல்லை, டீச்சர்." கடிதத்தின் மடிப்பு ஏன் பிரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் செய்த ஒரு பரிசோதனை உண்டு. சிரித்து விளையாடிக்கொண்டிருந்த அம்மா சில நிமிஷம் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில நிமிஷத்தால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போகாது. இந்த வீட்டில் அது இரண்டு மாசம். கண்ணாடியைவிட அந்த அம்மாவுக்கு ஒரு மருத்துவர் அவசரமாகத் தேவைப்பட்டார்.

இந்தப் பொறுமையெல்லாம் சில இடங்களில் கூடாது. கைக்குழந்தை தனியாக விடப்படுகிறது, சர்க்கரை நோய்க்கோ வலிப்புக்கோ உள்ள மருந்து கொடுக்கப்படவில்லை, சின்னப் பிள்ளை இரவில் தனியாக இருக்கிறது, சாப்பாடே இல்லை, பார்த்துக்கொள்கிறவர் நினைவு தப்பும் அளவுக்குப் போதையில் இருக்கிறார் என்றால் நோட்டு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே பள்ளியில் இதற்குப் பொறுப்பானவரிடம் சொல்லி, உங்கள் நாட்டின் குழந்தை உதவி எண்ணையோ காவல்துறையையோ கூப்பிடுங்கள்.

மற்றபடி புகார் செய்யும் நாள் வந்தால், சம்பவத் தேதி கேட்பார்கள், தயாராக இருங்கள். முழங்கால் பெண்ணுக்காக இரண்டாவது முறை ஃபோன் செய்தபோது நான் சொன்னது: "ஒன்பது வாரத்தில் பதினான்கு தேதிகள் இருக்கின்றன, படிக்கட்டுமா?" அந்தப் பக்கம் பேனா எடுக்கும் சத்தம் கேட்டது. 1989-இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு, வன்முறையோடு ஒரே வரிசையில் புறக்கணிப்பையும் வைத்திருக்கிறது. தயக்கமாக இருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டைப் பூட்டி வையுங்கள். ஆசிரியர் அறையில் அதைப் பற்றிப் பேசாதீர்கள், அது வம்புக்கான சரக்கில்லை. வருஷம் முடிந்ததும் தூக்கிப்போட்டும் விடாதீர்கள். வகுப்பு மாறும்போதும் பள்ளி மாறும்போதும்தான் இந்தப் பிள்ளைகள் தொலைகிறார்கள். புது டீச்சர் முதல் நாளிலிருந்து பார்க்க ஆரம்பிப்பார், அவருக்கு எல்லாமே முதல் தடவை. தலைமையாசிரியர் வழியாக, முறைப்படி, அந்தப் பக்கத்தின் சுருக்கத்தை அனுப்பிவிடுங்கள்.

கண்ணாடிப் பையன் வருஷ நடுவிலேயே வேறு பள்ளிக்குப் போய்விட்டான். பக்கத்தை அனுப்பிவைத்தேன். பத்து நாள் கழித்து அந்தப் பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் ஃபோன் செய்தார். "கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வருகிறான், ஆனால் அதன் ஒரு பக்கக் கம்பி உடைந்து நூல் கட்டியிருக்கிறது. இது உங்கள் காலத்திலேயே அப்படியா, இல்லை புதிதா?"

நோட்டை எடுத்துப் பார்த்தேன். புதிதுதான். தேதி போட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன்.