சதையியில் துளைவழிச் சத்திரசிகிச்சை: தோட்டத்து வீட்டார் கவனிக்க வேண்டியவை

கொழும்பிலோ கண்டியிலோ சதையியில், அதாவது கணையத்தில், துளைவழிச் சத்திரசிகிச்சை (வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்வது) செய்துகொண்டு லயத்துக்குத் திரும்புபவரின் வயிற்றில் நான்கைந்து சிறு தழும்புகளே இருப்பதால், பார்க்க வருபவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். தோலின் காயம் சிறியதுதான். உள்ளே வெட்டப்பட்ட சதையியிலிருந்து செரிமான நீர் கசியும் ஆபத்தோ, வயிற்றைத் திறந்து செய்தாலும் துளைவழியே செய்தாலும் இருக்கவே செய்கிறது.

முதலில், எந்தப் பகுதி அகற்றப்படுகிறது என்று சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்டறியுங்கள். சதையியின் வாற்பகுதியை அகற்றுவதற்குத் துளைவழி முறை நன்கு பொருந்துகிறது. தலைப்பகுதியை அகற்றுவது வேறு விடயம்: நெதர்லாந்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வொன்றில், துளைவழியே செய்யப்பட்ட 50 பேரில் 5 பேரும், திறந்து செய்யப்பட்ட 49 பேரில் ஒருவரும் 90 நாட்களுக்குள் சிக்கல்களால் இறந்ததையடுத்து, அந்த ஆய்வே இடையில் நிறுத்தப்பட்டது. ஆகவே நிபுணர் திறந்து செய்வதே நல்லது என்றாலோ, துளைவழியே தொடங்கி இடையில் திறந்துவிட்டாலோ, அதைத் தோல்வியாகக் கருத வேண்டாம். என் பார்வையில் அது நிதானத்தின் அடையாளம்.

புகைத்தலைக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். மண்ணீரலையும் அகற்ற நேரலாம் என்றால், நியூமோகொக்கசு, மெனிங்கோகொக்கசு போன்ற கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகளை இரண்டு வாரங்களுக்கு முன்னரே போட்டுக்கொள்வது சிறந்தது. நகரத்துக்குப் போய்வர ஒரு நாட்கூலி போய்விடும் என்பதற்காக இதைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. தள்ளிப்போடவே கூடாத பயணம் இது.

வாட்டில் இருக்கும்போது நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் கவனிக்க வேண்டியது, வயிற்றுக்குள் தேங்கும் நீரை வெளியேற்றும் வடிகுழாயை. மூன்றாம் நாளில் அல்லது அதற்குப் பின் அதில் வரும் நீரில் அமைலேசு என்ற செரிமான நொதியத்தின் அளவு, இரத்தத்தில் இருக்கக்கூடிய இயல்பான உச்ச அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் கசிவு இருப்பதாக மருத்துவர்கள் கொள்கிறார்கள். அதனால் நோயாளிக்குப் பாதிப்பு இல்லையென்றால் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். குழாயில் வரும் நீர் கலங்கினாலோ, சாம்பல் நிறமானாலோ, சிறிதளவு இரத்தம் கலந்தாலோ தாதியிடம் உடனே சொல்லுங்கள். அந்தச் சிறு இரத்தக்கசிவு தானாக நின்றுவிட்டதென்று ஆறுதல் கொள்ளக் கூடாது. சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வரவிருக்கும் பெரும் இரத்தக்கசிவுக்கு அது முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

வீடு திரும்பிய பின் கொழுந்துக்கூடை, விறகுக்கட்டு, தண்ணீர்க் குடம் எதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தூக்கக் கூடாது. லயத்துப் படிகளில் மெதுவாக ஏறி இறங்குவதும் நடப்பதும் நல்லவையே. படுத்தே கிடந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். அதைத் தடுக்கும் ஊசி எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தால் இடையில் விடாதீர்கள். உணவைச் சிறிது சிறிதாகப் பல வேளைகளாகக் கொடுங்கள். மலம் வெளிறி, எண்ணெய்ப்பசையோடு மிதந்தால் செரிமான நொதியக் குறைபாடு இருக்கலாம். அதற்கான குளிசைகளை, சாப்பிட்டு முடித்த பிறகல்ல, சாப்பாட்டோடு சேர்த்தே விழுங்க வேண்டும். முன்பு சீனி வருத்தம் இல்லாதவருக்கும் அது புதிதாகத் தோன்றலாம் என்பதால், இரத்தச் சீனியைப் பரிசோதிக்காமல் பிளேன் டீயில் சீனியை அள்ளிப்போட வேண்டாம்.

நடுக்கத்தோடு காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, படபடப்பு, இரத்த வாந்தி, கறுத்த மலம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் தோட்டத்து டிஸ்பென்சரியில் பெனடோல் வாங்கிப் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காமல் 1990ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழையுங்கள். மண்ணீரல் இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சலும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. நாய் கடித்தாலும் அவருக்கு உடனடி நுண்ணுயிரெதிர்ப்பு மருந்து தேவை. கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் "மண்ணீரல் அகற்றப்பட்டது" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைத்து, ஆம்புலன்சில் வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.